ஸ்விட்சர்லாந்தைப் பார்க்காதவர் ஸ்விட்சர்லாந்து பேக்கேஜ் விற்கலாமா?

கேள்வி: ஒன்பது வருடம் ஆசிரியையாக இருந்துவிட்டு, ஐந்து மாதமாக ஈரோட்டில் வீட்டிலிருந்தே டிராவல் கன்சல்டன்ட்டாக வேலை செய்கிறேன். வெளிநாடு என்று நான் போனது சிங்கப்பூர் மட்டும்தான், அதுவும் உறவினர் வீட்டுக்கு. யாராவது ஐரோப்பா பற்றிக் கேட்டால், ஏமாற்றுகிறோமோ என்று நெஞ்சு படபடக்கிறது. போன வாரம் ஒருவர், "என் மச்சான் ஸ்விஸ் போய் வந்தவர், அவர் சொல்றது வேற, நீங்க சொல்றது வேறயா இருக்கே" என்றார். அதற்குப் பிறகு அவரைத் திரும்பக் கூப்பிடவே தைரியம் வரவில்லை. தகுதியில்லாமலே நடிக்கிறோமோ என்கிற இந்தப் பயத்தை இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்கிறார்கள். இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

பதில்:

முதலில் அந்த மனிதரைத் திரும்பக் கூப்பிடுங்கள். என்ன பேசுவது என்று கடைசியில் சொல்கிறேன்.

எனக்குத் திருச்சியில் இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடம். தொடங்கிய மூன்றாவது வருடம் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் மலேசியா போக வேண்டும் என்று வந்தார். அவர் மனைவிக்கு மூட்டு வலி, பத்துமலையில் 272 படி ஏற முடியுமா என்பதுதான் கவலை. பேச்சுவாக்கில், "தம்பி, நீங்க போயிருக்கீங்களா?" என்றார். நான் அதுவரை மதுரை விமான நிலையத்தைத் தாண்டியதில்லை. ஆனால் வாய் தானாக, "ரெண்டு தடவை போயிருக்கேன் சார்" என்றது. "செருப்பை எங்க விடணும்?" என்றார். "கீழயே விட்டுட்டுதான் சார் ஏறணும்" என்றேன். நம்ம ஊர் மலைக்கோயில் பழக்கத்தில் வந்த பதில். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "நான் ஏற்கெனவே ஏறியிருக்கேன் தம்பி. எல்லாரும் செருப்போடதான் ஏறுறாங்க. மேல சன்னதிகிட்டதான் கழட்டணும். தெரியாதுன்னு சொல்லியிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே" என்றார். டிக்கெட் மட்டும் என்னிடம் போட்டார். ஹோட்டல், வண்டி எல்லாம் வேறு இடத்தில். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்று நான் நிஜமாகவே போலிதான். மலேசியா போகாததால் இல்லை, போனேன் என்று சொன்னதால். நீங்கள் எழுதியதைப் படித்தால் நீங்கள் அப்படி எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. அதனால் முதலில் இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்ற அந்தப் பெயரையே கொஞ்சம் சரிபார்ப்போம்.

1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கவனித்தது, படிப்பிலும் வேலையிலும் நன்றாகச் சாதித்த பெண்களை. பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் கையில் இருந்தும், 'எனக்குத் திறமையில்லை, ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்துவிட்டேன், ஒருநாள் மாட்டிக்கொள்வேன்' என்று நினைத்தவர்கள். அவர்கள் இதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. சிண்ட்ரோம் என்ற சொல் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இதை உங்கள் நிலைமையோடு வைத்துப் பாருங்கள். ஐந்து மாதத்தில் உங்களுக்கு ஐரோப்பா தெரியவில்லை என்றால் அது மனதின் கோளாறு இல்லை, நிஜமாகவே தெரியவில்லை. அதற்குப் பெயர் 'புதுசு'. ஆக, உங்கள் படபடப்பில் பாதி நியாயமானது. அதைத் தியானம் செய்து போக்கத் தேவையில்லை, படித்தால் போய்விடும். மீதிப் பாதிதான் கிளான்ஸும் ஐம்ஸும் சொன்னது, அது வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நியாயமான பாதியை முதலில் எடுப்போம். அனுபவசாலிகள் எல்லாவற்றையும் தலையில் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். கிடையாது. வைத்திருந்தால் ஆபத்து. தாய்லாந்து 2023 நவம்பர் 10-லிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதித்தது. மலேசியா அதே வருடம் டிசம்பர் 1-லிருந்து. 2025 மே 1 முதல் தாய்லாந்து போகிற எல்லோரும் ஆன்லைனில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும் என்று வந்தது. பாங்காக்குக்கு இருபது தடவை போனவரும் அந்தப் படிவத்தை உங்களைப் போலவே அன்றுதான் முதல்முறை பார்த்திருப்பார். இந்தத் தொழிலில் பழைய ஞாபகத்தை நம்பிப் பேசுகிறவன்தான் முதலில் மாட்டுவான். விமான நிறுவனங்கள் கவுன்டரில் பயணியின் ஆவணங்களைச் சரிபார்க்க சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் டைமேட்டிக் தரவுத்தளத்தைத்தான் பார்க்கின்றன. அந்த நாட்டின் தூதரகத் தளத்தையும் டைமேட்டிக்கையும் ஒவ்வொரு புக்கிங்குக்கும் புதிதாகப் பாருங்கள். நான் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

அனுபவம் காப்பாற்றாது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பன்னிரண்டாவது வருடம், நான்கு பேர் குடும்பம், சிங்கப்பூர். அப்பா, அம்மா, பெரிய பையன் பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். சின்னப் பெண்ணின் பாஸ்போர்ட்டில் பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் தேதியை விட்டுவிட்டேன். பெரியவர்கள் பாஸ்போர்ட் 10 ஆண்டு என்றால் குழந்தைகளுடையது 5 ஆண்டுதான். அதில் நான்கு மாதம்தான் மிச்சம். சிங்கப்பூருக்கு ஆறு மாதம் வேண்டும். கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, இறங்கிய நாட்டில் பயணியைத் திருப்பி அனுப்பினால் விமான நிறுவனத்துக்குத்தான் அபராதம். குடும்பமே திரும்பி வந்தது. மறுபடி டிக்கெட் போட்ட செலவு என்னுடையது. அன்றிலிருந்து என் மேஜையில் ஒரு தாள் இருக்கிறது. ஒவ்வொரு பாஸ்போர்ட்டிலும் பெயரின் எழுத்து, காலாவதித் தேதி, காலிப் பக்கம், முன்பு விசா மறுப்பு உண்டா என்று கேட்டு டிக் அடித்த பிறகுதான் டிக்கெட் போடுவேன். உங்களுக்கு இப்போது இருக்கிற பயம் அன்று எனக்கு இருந்திருந்தால் அந்தத் தேதியை நான் விட்டிருக்க மாட்டேன். அதனால் அந்தப் பயத்தை முழுக்கத் துரத்திவிடாதீர்கள், அந்த அளவுக்குப் பிரயோஜனமானது. என்னிடம் வேலைக்கு வருகிற பசங்களில் எதற்கும் பயப்படாதவனைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

அடுத்தது, உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. தமிழ்நாட்டில் எத்தனை பேர் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் வீட்டில் அப்பா பெயர் இனிஷியலோடு நின்றுவிடும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. சில நாளில் விளக்கம் வந்து கொஞ்சம் தளர்ந்தது. அந்த வாரம் வடக்கே இருக்கிற பெரிய ஹோல்சேல்காரர்கள் இது என்ன பிரச்சினை என்று எங்களிடம் கேட்டார்கள். நமக்கு அது தினசரிக் கஞ்சி. சர்நேம் இல்லாதவருக்கு டிக்கெட்டில் பெயரை எப்படி அடிப்பது என்று ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது, அதைக் கேட்டு எழுதி வைத்தாலே ஈரோட்டில் பத்தில் எட்டு ஆன்லைன் புக்கிங்காரர்களைவிட நீங்கள் மேல்.

ஆசிரியை வேலையையும் தூக்கி ஓரம் வைக்காதீர்கள். பிளஸ் டூ தேர்வு எப்போது முடியும், பள்ளி எப்போது திறக்கும், எந்தக் குழந்தைக்குப் பஸ்ஸில் வாந்தி வரும், எந்தத் தாத்தா இரவு எட்டு மணிக்குத் தயிர் சாதம் இல்லாமல் தூங்க மாட்டார் என்று ஒன்பது வருடம் பெற்றோர்களோடு பேசியவருக்குத் தெரியாததா? ஒரு நாளில் நான்கு இடத்தைத் திணித்து பயணத் திட்டம் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிவதில்லை.

சரி, ஸ்விட்சர்லாந்தைப் பார்க்காமல் விற்கலாமா? இங்கே கொஞ்சம் வரலாறு. 1841 ஜூலை 5-ல் தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஐந்நூறு பேரை ரயிலில் ஆளுக்கு ஒரு ஷில்லிங்குக்கு அழைத்துப் போனார். நம் தொழிலின் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அதே குக் 1872-ல் உலகைச் சுற்றும் பயணம் ஒன்றை விளம்பரம் செய்து, சின்னக் குழு ஒன்றைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். 222 நாள். உலகைச் சுற்றுவது அவருக்கும் அதுதான் முதல் தடவை. அறுபத்து மூன்று வயதில், தான் பார்க்காத ஜப்பானையும் இந்தியாவையும் காசு வாங்கிக்கொண்டு காட்டப் போனார். அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் பார்த்த பிறகுதான் விற்க வேண்டும் என்ற விதி இந்தத் தொழிலில் முதல் நாளிலிருந்தே இருந்ததில்லை.

பார்த்ததற்கு ஈடாக வேறொன்று செய்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. ஸ்விஸையே எடுத்துக்கொள்வோம். யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டிட்லிஸ் மேல் நிலையம் 3,020 மீட்டர் அளவில். இதய அறுவை செய்த அப்பாவை அழைத்துப் போகிற குடும்பத்துக்கு இந்த நானூறு மீட்டர் பெரிய விஷயம். முதலில் அவருடைய டாக்டரைக் கேட்கச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் எந்த மலை என்று பேச வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளப் பனியில் நிற்க வேண்டியதில்லை. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு ஒன்றாகச் செல்லும் ஷெங்கன் விசாவைப் பாருங்கள். ஸ்விஸில் நான்கு இரவு, பாரிஸில் மூன்று, ரோமில் இரண்டு என்றால் ஸ்விஸுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமம் என்றால் முதலில் நுழைகிற நாட்டுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் மிச்சம் இருக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் எங்கே சீக்கிரம் கிடைக்கிறதோ அந்த நாட்டுக்குப் போட்டுவிடலாம் என்று சொல்கிற அனுபவசாலிகள் இருக்கிறார்கள். அவர்கள் ஸ்விஸ் போனவர்களாகவும் இருப்பார்கள். அந்த யோசனையைக் கேட்டு விசா மறுக்கப்பட்டால் வாடிக்கையாளருக்கு அந்த ஸ்விஸ் அனுபவத்தால் என்ன லாபம்?

எல்லா நாட்டையும் இப்படிப் படிக்க முயலாதீர்கள், மூச்சு முட்டிவிடும். முதல் வருடத்துக்கு இரண்டு போதும். கோவை, திருச்சி, சென்னையிலிருந்து சுலபமாகப் போகிற மலேசியா–சிங்கப்பூர் ஒன்று, அதோடு ஸ்விஸ். மற்ற ஊர் கேட்டால் அந்தந்த ஊர் டிஎம்சியை, அதாவது அங்கேயே இருந்து ஹோட்டல், வண்டி எல்லாம் ஏற்பாடு செய்து தருகிற நிறுவனத்தை, வைத்துச் செய்யுங்கள், அல்லது தெரிந்த ஏஜென்டிடம் கைமாற்றிவிடுங்கள். கைலாஷ் யாத்திரையை நான் இன்றுவரை தொட்டதில்லை, கேட்டு வருகிறவர்களை வேறொருவரிடம் அனுப்பிவிடுவேன். பல நாட்டு சுற்றுலாத் துறைகள் ஏஜென்டுகளுக்கு இலவச ஆன்லைன் பயிற்சி நடத்துகின்றன. ஆஸ்திரேலியாவின் ஆஸி ஸ்பெஷலிஸ்ட் அப்படி ஒன்று, ஸ்விஸுக்கும் இருக்கிறது. சான்றிதழைச் சுவரில் மாட்டுவது உங்கள் இஷ்டம், அதில் வருகிற வரைபடங்களும் பருவகாலக் குறிப்புகளும்தான் எனக்குப் பயன்பட்டவை.

2015 டிசம்பர் வெள்ளத்தை உங்களுக்கு நினைவிருக்கும். சென்னை விமான நிலையம் சில நாள் மூடிக் கிடந்தது, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் விட்டார்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போக வேண்டிய ஆறு பேர் என்னிடம் இருந்தார்கள். மூன்று நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. சிங்கப்பூர் ஹோட்டல்காரரிடம் தேதி மாற்றக் கெஞ்சி, விமான நிறுவனத்தில் வரிசையில் தொங்கி, கடைசியில் திருச்சி வழியாக அனுப்பினேன். நீ சிங்கப்பூர் பார்த்திருக்கிறாயா என்று அந்த மூன்று நாளில் ஒருவரும் கேட்கவில்லை. போன் எடுக்கிறானா என்று மட்டும்தான் பார்த்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருவருடைய பேத்தி கல்யாண ஹனிமூன் வரை என்னிடம்தான் வந்தது.

இப்போது ஒளிந்திருக்கிற பாதிக்கு வருகிறேன். அது வாயில் தெரியாது, கோட்டேஷனில் தெரியும். உங்கள் கடைசி ஐந்து கோட்டேஷனை எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு என்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? பந்தயம் கட்டுகிறேன், ஒன்றிரண்டில் ஒன்றுமே இருக்காது. 'எனக்கே சரியாகத் தெரியாது, இதற்குப் போய்க் காசு கேட்பதா' என்ற கூச்சம். சொந்தக்காரர்கள் என்றால் இன்னும் மோசம். "நம்ம பொண்ணுதானே, சும்மா பார்த்துச் சொல்லும்மா" என்பார்கள். நீங்கள் மூன்று நாள் உட்கார்ந்து திட்டம் போடுவீர்கள், அவர்கள் அதை எடுத்துக்கொண்டு ஆன்லைனில் புக் செய்வார்கள். நீங்கள் அவர்களைத் திட்டாமல் உங்களையே திட்டிக்கொள்வீர்கள். முதல் இரண்டு வருடம் நான் இதைச் செய்தேன். காசு வாங்காத வேலையை நாமே மதிக்க மாட்டோம், வாடிக்கையாளர் எப்படி மதிப்பார்?

நான் பிற்பாடு செய்தது இதுதான். முதல் பேச்சு இலவசம். நாள்வாரித் திட்டம் எழுதிக் கொடுக்க ஒரு சிறு தொகை, புக் செய்தால் மொத்தத்தில் கழித்துக்கொள்வேன். முதல்முறை இதைச் சொன்னபோது குரல் நடுங்கியது உண்மை. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். பத்தில் நாலு பேர் போய்விட்டார்கள். எப்படியும் புக் செய்யாமல் போயிருக்கக்கூடிய நாலு பேர் என்று பிறகுதான் புரிந்தது.

ஆன்லைனில் குறைவாக இருக்கிறதே என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். உடனே மன்னிப்புக் கேட்டு விலையைக் குறைக்காதீர்கள். அந்த விலையில் செக்-இன் பெட்டிக்கு அனுமதி உண்டா, டிரான்ஸ்ஃபர் தனி வண்டியா மற்றவர்களோடு பகிர்வதா, ஹோட்டல் ஊருக்குள்ளா விமான நிலையம் பக்கமா, ரத்து செய்தால் என்ன திரும்பும் என்று நான்கு கேள்வி கேளுங்கள். சில நேரம் அது நிஜமாகவே நல்ல விலையாக இருக்கும், அப்போது அங்கேயே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். அப்படி நான் அனுப்பியவர்களில் பலர் அடுத்த பயணத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

வரி விஷயத்திலும் கூச்சம் ஒளிந்திருக்கும். வெளிநாட்டுப் பேக்கேஜ் மேல் டிசிஎஸ், அதாவது விற்கிற நாமே வாடிக்கையாளரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டுகிற வரி, 2020 அக்டோபரில் 5 சதவீதமாக வந்தது, 2023 அக்டோபரில் 7 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் ஆனது, 2025 ஏப்ரலில் அந்த எல்லை 10 லட்சமாக உயர்ந்தது. இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், பில் போடுகிற அன்றைய விகிதத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதியவர்கள் இதைச் சொல்லப் பயந்து கடைசி நாளில் சொல்வார்கள், அல்லது தங்கள் லாபத்திலிருந்து கட்டுவார்கள். முதல் கோட்டேஷனிலேயே தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். இது வாடிக்கையாளரின் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிடம் விளக்குங்கள். இதைத் தெளிவாகச் சொல்கிற ஏஜென்ட் குறைவு.

'பார்த்துச் சொல்கிறேன்' என்ற வாக்கியத்தைப் பற்றியும் ஒன்று. அதை அப்படியே சொன்னால் தெரியாதவர் நழுவுகிற மாதிரி இருக்கும். அதில் யாரிடம், எப்போது என்ற இரண்டையும் சேருங்கள். "மே முதல் வாரம் அந்த மலைப்பாதை திறந்திருக்குமா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஸ்விஸ் டிஎம்சியிடம் இன்று மாலை கேட்டு, நாளை பதினொரு மணிக்குள் உங்களுக்கு வாட்ஸ்அப் செய்கிறேன்." பத்தே முக்காலுக்கு அனுப்பிவிடுங்கள். பதில் வரவில்லை என்றாலும், இன்னும் வரவில்லை என்று அனுப்புங்கள். போன் வந்ததும் இருபது நிமிடம் படித்துவிட்டு எடுக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உடனே எடுங்கள், கேள்வியை முழுக்க எழுதிக்கொள்ளுங்கள், பிறகு படியுங்கள்.

இனி அந்த மச்சான். அவர் சொன்னதும் நீங்கள் சொன்னதும் ஏன் வேறாக இருந்தது என்று யோசித்தீர்களா? அவர் இங்கிருந்து சமையல்காரரோடு போகிற பஸ் குரூப்பில் போயிருக்கலாம், நீங்கள் ஸ்விஸ் டிராவல் பாஸ் வைத்து ரயிலில் திட்டம் போட்டிருக்கலாம். அவர் டிசம்பரில் போயிருக்கலாம், இவர்கள் மே மாதம் கேட்டிருக்கலாம். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்க முடியும். வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, "உங்கள் மச்சானோடு பத்து நிமிடம் பேசலாமா? அவர் பார்த்ததையும் சேர்த்துத் திட்டத்தைச் சரி செய்கிறேன்" என்று கேளுங்கள். மச்சான்களுக்குத் தங்கள் பயணத்தைப் பற்றிக் கேட்க ஆள் கிடைப்பதில்லை, சந்தோஷமாகப் பேசுவார். எந்த மாதம், எந்த ஹோட்டல், காலை உணவில் என்ன சாப்பிட முடிந்தது, எங்கே நடக்க முடியாமல் கஷ்டப்பட்டார், எதற்குக் காசு வீண் என்று நினைத்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் முதல்முறை ஸ்விஸ் போனது தொழிலுக்கு வந்த ஒன்பதாவது வருடம். அதற்கு முன்பே என்னிடம் ஒரு ஸ்விஸ் நோட்டு இருந்தது. அதில் முதல் நாற்பது பக்கம் இப்படிப்பட்ட மச்சான்களிடமும் மாமனார்களிடமும் கேட்டு எழுதியதுதான்.